தலைமன்னார் கப்பலும் முதியவர்களின் சுற்றமும்

வயது ஏறினால் மனிதர் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார் என்ற நினைப்பு நம்மிடையே வலுவாக உண்டு. பெரியவர் ஒருவர் கல்யாணத்துக்கு வரவில்லையென்றால் 'வயசாயிருச்சு' என்போம். பக்கத்து ஊர்த் துட்டிக்கு வரவில்லையென்றாலும் அதையேதான் சொல்வோம். இந்த நினைப்புக்கு ஆராய்ச்சி முத்திரை குத்தியவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்து முதியவர்களை ஆராய்ந்த எலைன் கம்மிங்கும் வில்லியம் ஹென்றியும், முதுமையில் மனிதரும் சமுதாயமும் ஒன்றிலிருந்து ஒன்று விலகுவது இயல்பு, இரு தரப்புக்கும் அது நல்லதுதான் என்று 1961இல் எழுதினார்கள். அந்தக் கொள்கை பிறகு பலத்த அடி வாங்கியது. 1980இல் ராபர்ட் கானும் டோனி அன்டனூச்சியும் வேறு சித்திரம் வரைந்தார்கள்: ஒவ்வொருவரும் ஒரு வழித்துணைக் கூட்டத்தோடு வாழ்க்கையைக் கடக்கிறார், மிக நெருங்கியவர்கள் உள்வட்டம், மற்றவர்கள் அடுத்தடுத்த வட்டங்கள், ஆட்கள் மாறினாலும் கூட்டம் கூடவே வரும். ஸ்டான்ஃபோர்டின் லாரா கார்ஸ்டென்சன் இன்னும் ஒரு படி போனார். எஞ்சிய காலம் கொஞ்சம்தான் என்று உணரும் முதியவர் மேலோட்டமான பழக்கங்களை விட்டுவிட்டு நெஞ்சுக்கு நெருங்கியவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார் என்பது அவர் வாதம். அதாவது, வட்டம் சுருங்குவது பெரும்பாலும் அவரே செய்துகொள்ளும் தேர்வு. இந்தப் பேச்சிலெல்லாம் பின்னால் தள்ளப்பட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. தேர்ந்தெடுப்பதற்கு அவருக்கு வழி திறந்திருந்ததா? ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையின் கடந்த நூறாண்டை எடுத்துப் பார்த்தால் அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. இங்கே முதியவர்களின் சுற்றம் குறுகியதற்கு வயதைவிட, ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்ட பாதைகளே பெரிய காரணம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

நிலப்படத்தில் இந்தக் கரை நாட்டின் ஓரம். இங்கே வாழ்ந்தவர்கள் கணக்கு அப்படியல்ல. வடகடல் என்று ராமேஸ்வரத்தில் சொல்லப்படும் பாக் நீரிணைக்கும், தென்கடல் என்னும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தனுஷ்கோடி மணல் முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் அளவே. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை அதைப் போல் ஐந்து மடங்கு தொலைவு. ரயில் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரைத் துறைகளிலிருந்து தோணிகள் அக்கரைக்குப் போய்வந்தன. மன்னார்க் கரையில் முத்துக் குளிப்பு அறிவிக்கப்படும் ஆண்டுகளில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் பல்லாயிரம் பேர் கூடும் கொட்டகை ஊர் ஒன்று சில வாரங்களுக்கு எழும்பும். கீழக்கரை முஸ்லிம் குளியாட்கள் அங்கே பேர்பெற்றவர்கள். கடலடியில் மூச்சடக்கி நிற்பவனின் கயிற்றை அவன் மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள், தங்கையைத் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை என்று முத்துக் கரைகளில் ஒரு பேச்சு வழக்கில் உண்டு. உண்மை பாதி, கதை பாதி என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் தொழிலும் சம்பந்தமும் ஒரே கயிற்றில் பின்னிக் கிடந்ததை அது சரியாகவே சொல்கிறது. இப்படிப் பின்னிய உறவுகள் இரண்டு கரையிலும் பரவிக் கிடந்தன. அந்தக் காலத்து முதியவர் ஒருவரின் சுற்றத்தை எண்ணப் புகுந்தால், அதில் ஒரு பங்கு கடலுக்கு அப்பால்தான் இருந்திருக்கும்.

தோணிப் பயணத்துக்கு ஒரு குறை இருந்தது. வாடைக்காற்றும் கச்சான்காற்றும் சொல்கிறபடிதான் புறப்பட வேண்டும், சேருகிற நாள் கையில் இல்லை. உடம்பு தளர்ந்தவருக்கு அது ஒத்துவராது. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் அந்தக் குறை தீர்ந்தது. எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடிவரை ரயிலில் வந்து, அங்கே கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போகலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். போட் மெயில் என்று பேர் எடுத்த வழி அதுதான். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேர்ந்தன. முதியவருக்கு வேகத்தைவிட இந்த ஒழுங்குதான் முக்கியம். அக்கரையில் ஒரு சாவு என்றால் பதினாறாம் நாள் காரியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பேத்தி கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய் உட்காரலாம். வாலிபனுக்கு மட்டும் என்றிருந்த கடல் கிழவிக்கும் ஆனது.

இதை வெறும் பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. அதே கப்பலில்தான் கங்காணிகள் திரட்டிய தோட்டத் தொழிலாளர்கள் கடனைச் சுமந்துகொண்டு போனார்கள். கொள்ளைநோய்க்குப் பயந்த அரசு அவர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்து வைத்து, குளிப்பாட்டி, மருந்தடித்து அனுப்பியது. உயர் வகுப்புப் பயணிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ரயில் வருவதற்கு முந்திய நிலைமை இன்னும் மோசம். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழியே நடந்தவர்களில் சேர்ந்தவர்களைப் போலவே வழியில் செத்தவர்களும் உண்டு. பாதை திறந்திருந்தது என்பதால் அது நல்ல பாதை என்று ஆகிவிடாது. ஆனாலும் கடனோடு போனவர் திரும்பி வரவும், வந்தவர் மறுபடி போகவும் அந்த வழி இடம் கொடுத்தது. ராமநாதபுரம் சீமையில் பிறந்து, மலைநாட்டில் வேலை பார்த்து, ஊரில் கண்மூடுவது நடக்கக்கூடிய காரியமாகவே இருந்தது. பிறகு வந்தவர்களுக்கு அதுகூட வாய்க்கவில்லை.

வழி ஒரே நாளில் அடைபடவில்லை. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு, கைத்தொழில் தெரியாத தொழிலாளர் இலங்கை செல்வதற்குத் தடை போட்டது. 1948இல் சுதந்திர இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அதே ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்குப் பின் கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. அதுவரை அக்காள் வீட்டுக்குப் போவதாக இருந்த பயணம், அதன்பின் வெளிநாட்டுப் பயணம். தோணியில் பழையபடி போனவர் கள்ளத்தோணி ஆனார். அந்தப் பெயர் பின்னாளில் இலங்கையில் தமிழர் எவர்மீதும் எறியப்படும் வசையாயிற்று. தாள்களின் காலம் முதியவரைத்தான் முதலில் பாதிக்கும். எழுத்தறியாத, பிறந்த தேதி தெரியாத, பிறந்த ஊருக்குச் சான்று காட்ட முடியாத தலைமுறை அது. கந்தோருக்கு நடந்து வரிசையில் நிற்கத் தெம்புள்ள மகன் போய்வருவான். அப்பா வீட்டில் இருப்பார். வயது காரணமாக அவர் ஒதுங்கிவிட்டார் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

1964இன் கடைசி மூன்று மாதங்களில் இந்தக் கரைமேல் இரண்டு அடிகள் விழுந்தன. முதலாவது தில்லியில் நடந்தது. அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றது. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது அடி டிசம்பர் 22 இரவு. புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் போனது. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் உத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் சாதனை அது. ஆனால் சென்னை மாநில அரசு தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்து விட்டுவிட்டது. ரயில் நிலையம், சுங்கக் கந்தோர், தபால் நிலையம், பள்ளி, தேவாலயம் என்று இருந்த ஊர் அறுபது ஆண்டு கழித்தும் சுற்றுலாக்காரர் படம் எடுக்கும் இடிபாடாக நிற்கிறது. 2017இல் அரிச்சல்முனைவரை போடப்பட்ட சாலையும் அவர்களுக்கே அதிகம் பயன்படுகிறது.

ஓர் ஊர் போனால் முதியவருக்கு என்ன போகிறது? வீடும் படகும் போவது கண்ணுக்குத் தெரியும், நிவாரணப் பட்டியலிலும் ஏறும். தெரு போவது எந்தப் பட்டியலிலும் வராது. தனுஷ்கோடியில் மிஞ்சியவர்கள் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் கிடைத்த இடத்தில் ஒதுங்கினார்கள். சிலர் பிடிவாதமாக அந்த மணலுக்கே திரும்பி, மின்சாரமும் இல்லாமல் மீன் பிடித்தார்கள். அந்தப் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள ஜப்பானிலிருந்து ஒரு சான்று உதவும். 2011 சுனாமிக்குப் பிறகு இவானுமா நகரத்து முதியவர்களை ஆராய்ந்தவர்கள், அக்கம்பக்கத்தாரோடு கூட்டமாகக் குடிபெயர்ந்தவர்களுக்குப் பேச்சுப்பழக்கம் குறையவில்லை, கூடவே செய்தது என்று கண்டார்கள். குலுக்கல் முறையிலும் சொந்த ஏற்பாட்டிலும் தனித்தனியே மாறியவர்களுக்கு அது குறைந்தது. அதே வயது, அதே ஊர், அதே அலை. மாறியது குடிவைத்த முறை ஒன்றுதான். வயதுதான் சுற்றத்தைச் சுருக்குகிறது என்றால் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி அல்லவா சுருங்கியிருக்க வேண்டும்?

ஒப்பந்தம் செய்த வேலை புயலைவிட மெதுவானது, ஆழமானது. அடுத்த இருபது ஆண்டுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் வழியாக நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கண்காணாத ஊர்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். தனுஷ்கோடி போனபின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்தே ஓடியது. மலையகத்தில் கோச்சி என்று சொல்லப்படும் ரயில் புறப்படும் நிலையங்களில் அழுகுரல் கேட்காத நாள் இல்லை என்று அந்தத் தலைமுறையை எழுதியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். விண்ணப்பங்கள் குடும்பம் குடும்பமாகப் போயின. கல்யாணமான மகன் தனிக் குடும்பம், பெற்றோர் தனிக் குடும்பம். ஆகவே தகப்பனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மகளுக்கு இலங்கைக் குடியுரிமையும், அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு ஒரு நாடும் என்று பிரிந்தது. மூதாதையர் ஊரைத் தேடிப்போன வயதானவர்களை அடையாளம் கண்டு திண்ணையில் உட்காரவைக்க அங்கே ஆளில்லை. இருந்த பங்காளிகளும் நிலத்தில் பங்கு கேட்பார்களோ என்று ஒதுங்கினார்கள். கார்ஸ்டென்சனின் வாதத்தை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். முதியவர் வெளிவட்டத்தை உதறி உள்வட்டத்தை வைத்துக்கொள்வார் என்கிறார் அவர். இங்கே நடந்தது தலைகீழ். உள்வட்டத்தைச் சர்க்கார் வெட்டியது. கூடப்பிறந்தவர்களும் பெற்ற மக்களும் அக்கரையில் நின்றார்கள். மிஞ்சியது முந்தாநாள் அறிமுகமான அண்டை வீட்டுக்காரர்கள். கலிஃபோர்னியாவில் கண்டது பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. தேர்வு செய்ய முடிந்தவர்கள் எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. தேர்வு பறிக்கப்பட்டவர்களைப் பற்றி அதில் அதிகம் இல்லை.

1974 ஜூனில் கையெழுத்தான கடல் எல்லை உடன்படிக்கை கச்சத்தீவை இலங்கைப் பக்கம் வைத்தது. அதன் அரசியலை எல்லாரும் பேசிவிட்டார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதன் 5ஆம் பிரிவு. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்குப் போகலாம், பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்று அது சொல்கிறது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத, ஆள் குடியில்லாத அந்தத் தீவில், நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி கட்டியதாகச் சொல்லப்படும் அந்தோணியார் கோவிலில் மாசி, பங்குனி வாக்கில் இரண்டு நாள் திருவிழா. ராமேஸ்வரத்துப் படகுகளும் யாழ்ப்பாணம், மன்னார்ப் படகுகளும் வரும். இந்தத் திருவிழாவைச் சாதாரண பக்தி நிகழ்ச்சியாக எண்ணிவிடக் கூடாது. உறவைப் பாதுகாப்பதில் மிகக் கடினமான பகுதி, யார் யாரைத் தேடிப்போவது என்பதுதான். கால் தளர்ந்தவரால் பத்து வீடு ஏறி இறங்க முடியாது. திருவிழா அந்த வேலையைத் தன்மேல் போட்டுக்கொள்கிறது. கடிதம் எழுதவோ விலாசம் நினைவில் வைக்கவோ வேண்டாம். படகு ஏறினால் போதும், வருகிறவர்கள் வந்திருப்பார்கள். கூடப்பிறந்தவர் மட்டுமல்ல, எப்போதோ ஒன்றாகக் கடலில் கிடந்தவர், பெண் கேட்டுப் பிறகு சம்பந்தம் கூடாமல் போனவர், பேர் மறந்து முகம் நினைவிருப்பவர் எல்லாரும் அங்கே அகப்படுவார்கள். இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் இது நின்றது. போருக்குப் பின் 2010 முதல் மீண்டும் நடந்தது, கூட்டம் திரண்டது, 2016இல் புதிய கோவிலும் எழும்பியது. கால் நூற்றாண்டு அடைபட்டிருந்த பழக்கம் திறந்தவுடன் உயிர்பெற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். மீனவர் சிறைப்பட்டதைக் கண்டித்து 2024இல் ராமேஸ்வரத்துக்காரர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். நியாயமான கோபம்தான், அதற்கான விலையில் ஒரு பங்கை அடுத்த திருவிழாவரை உயிரோடு இருப்போமா என்று தெரியாதவர்கள் கொடுத்தார்கள்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கெதிராக வெடித்த கலவரத்தைத் தொடர்ந்து ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றது. இன்றுவரை நின்றதுதான். ஆனால் ஆட்கள் வருவது நிற்கவில்லை. படகுக்காரர்கள் இரவில் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போன அகதிகள் அரிச்சல்முனைக்கும் ராமேஸ்வரத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். கொள்ளைநோய்க்காகக் கட்டப்பட்ட மண்டபம் முகாம் மறுபடி நிரம்பியது. 2021 வாக்கில் தமிழகம் முழுதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தார்கள். அரசு அந்த ஆண்டு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. முகாமில் தலை எண்ணிக்கை உண்டு, வெளியூர் தங்க அனுமதி வேண்டும். நாற்பது வயதில் வந்தவர் அங்கேயே எண்பதைத் தொட்டிருக்கிறார். அவர் சுற்றம் அந்த வரிசை வீடுகளின் நீளத்துக்கு இருக்கிறதென்றால், அதை முதுமையின் இயல்பு என்று எந்தப் புள்ளிவிவரம் சொன்னாலும் நாம் நம்ப வேண்டியதில்லை.

இனி எதிர்வாதங்கள். சாவு எல்லாரையும் கொண்டுபோகிறது, எண்பது வயதுக்காரரின் சிநேகிதர்கள் பாதிப்பேர் போய்விட்டிருப்பார்கள், இதில் கப்பல் என்ன செய்யும் என்று கேட்கலாம். சாவை மறுப்பதற்கில்லை. ஆனால் வயதே முதல் காரணம் என்றால் வழி திறக்கும்போது முதியவர்கள் அசையக் கூடாது. உலகத்தில் நடந்தது வேறு. தைவான் அரசு 1987 நவம்பரில் தன் மக்களைச் சீனப் பெருநிலத்துச் சொந்தங்களைப் பார்க்க அனுமதித்தபோது, முப்பத்தெட்டு ஆண்டு பிரிந்திருந்த பழைய சிப்பாய்கள் கிழடு தட்டிய உடம்போடு அலையலையாகக் கிளம்பினார்கள். தென்கொரியாவில் வடக்கிலுள்ள உறவினரைச் சந்திக்கப் பதிவு செய்தவர்கள் சுமார் 1,33,000 பேர். குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருந்தே அவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். ஆசை வற்றிப்போனவர்கள் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கமாட்டார்கள்.

இதற்கு மறுபக்கச் சான்று இதே கரையில் கிடைக்கிறது. கீழக்கரையின் மரைக்காயர் குடும்பங்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவது பழைய வழக்கம். ஆண்கள் சபர் போய்விடுவார்கள். ஒரு காலத்தில் கொழும்பு, பர்மா, மலேயா, பிறகு வளைகுடா. பெண் பிறந்த தெருவிலேயே மணந்து, பெற்று, மூப்படைவாள். தாய், சகோதரி, மகள், பேத்தி வரை கூப்பிடு தூரத்தில். வயது ஏற ஏற அவள் சுற்றம் சுருங்குவதற்குக் காரணமில்லை, தலைமுறை ஒன்று கூடுகிறது. அறுபதில் ஊர் திரும்பும் சபராளிதான் பள்ளிவாசல் முற்றத்தில் புதிதாகப் பழக்கம் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே வயதுள்ள கணவனுக்கும் மனைவிக்கும் இரண்டு விதமான முதுமை. ராமேஸ்வரத்திலிருந்தும் ஒரு சான்று, எல்லாரும் அறிந்ததுதான். அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் மசூதித் தெருக்காரர், யாத்திரிகருக்குப் படகு ஓட்டியவர். பெரிய கோவில் அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரியோடு அவருக்கு இருந்த சிநேகத்தைக் கலாம் எழுதியிருக்கிறார். மத நல்லிணக்கத்துக்கு உதாரணமாக அதை ஓயாமல் எடுத்துக்காட்டுகிறார்கள். அதற்குக் கீழே ஒரு சாதாரண உண்மை கிடக்கிறது: இருவருக்கும் நடந்துபோகும் தூரத்தில் வீடு, இருவருடைய தொழிலும் ஒரே யாத்திரிகர்களை நம்பியது. நட்பு நீடிக்க மனம் வேண்டும். பக்கத்திலேயே இருக்கவும் வேண்டும்.

கரையிலேயே இருந்தவர்களுக்கும் சில வழிகள் அடைபட்டன. கரைவலை இழுக்கப் பல கைகள் வேண்டும்; கடலுக்குள் போக முடியாத பெரியவர்களும் கயிற்றில் கைவைத்துப் பங்கு வாங்குவார்கள். விசைப்படகு வந்தபின் அந்தக் கூட்டம் கலைந்தது. நிழலில் உட்கார்ந்து வலை பொத்துகிற வேலை இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்த்து வைத்திருக்கிறது. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் பக்கத்துப் பெண்களில் பலர் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கூட்டமாகப் போய்ப் பாசி எடுத்து மூப்படைந்தவர்கள். 1986இல் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து வனத்துறையோடு அவர்களுக்கு ஓயாத இழுபறி. பாசி எடுக்காதே என்பது பவளப்பாறையைக் காக்கும் உத்தரவு. அது ஒரு பெண்கள் கூட்டத்தையும் சேர்த்தே கலைக்கும் என்பதை உத்தரவு போடுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

இன்னொரு எதிர்வாதம் கைபேசி. காணொலி அழைப்பில் மன்னாரும் கனடாவும் ஒரே தூரம்தானே என்பார்கள். உண்மைதான், பிள்ளைகளோடும் கூடப்பிறந்தவர்களோடும் பேச அது பெரிய வரம். ஆனால் அது யார் எண் கையில் இருக்கிறதோ அவரோடு மட்டும் பேசவைக்கும். திருவிழாவில் தற்செயலாக அகப்படும் அந்த வெளிவட்டத்தை அதனால் கொண்டுவர முடியாது. மேலும், நல்லது கெட்டதில் ஆளாக நிற்பதுதான் இங்கே உறவுக்கு அளவு. வயதான பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் சாதிகள் இந்தக் கரையிலும் உள்நாட்டிலும் உண்டு. அண்ணன் அக்கரையில் இருந்தால் கோடியைப் போட யாரோ ஒருவர் நிற்க வேண்டியதாகிறது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை மரண அறிவித்தல்களையும் ஒலிபரப்பியது. தமிழகக் கடற்கரைக்கு அது தெளிவாகக் கேட்டது. கடலைத் தாண்டிச் செய்தி வர அன்றைக்கே தடையில்லை. வர முடியாமல் போனது ஆள்தான்.

இலங்கையோடு உறவுள்ளவர்கள் மாவட்டத்தில் சிலர்தானே, அவர்களை வைத்து எல்லா முதியவர்களையும் பற்றி எப்படிப் பேசுவது என்று கடைசியாகக் கேட்கலாம். கண்மாய்ப் பாசனத்தை நம்பிய உள்நாட்டு ஊர்களின் கதை வேறு என்பது சரி. ஆனால் எங்கே காரணம் தனியாகப் பிரித்துத் தெரிகிறதோ அங்கேதான் அதைப் படிக்க முடியும். உள்நாட்டில் பேருந்து நின்றதா, பிள்ளைகள் திருப்பூர் போனார்களா, முழங்கால் போனதா என்று எல்லாம் கலந்து கிடக்கும். இந்தக் கரையில் ஒவ்வொரு அடைப்புக்கும் தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. ஒருவருடைய வட்டம் குறுகியதைப் பார்த்தவுடன் அவர் வயதைக் கேட்காமல், அவருக்கு எந்த வழி எந்த ஆண்டில் அடைபட்டது என்று கேட்கும் பழக்கத்தை இந்தத் தேதிகள் நமக்குக் கற்றுத்தர முடியும்.

கப்பல் ஓடிய கடைசி ஆண்டுகளில் இருபது வயதாக இருந்தவர்களே இப்போது அறுபதைக் கடந்துவிட்டார்கள். அந்த வழியில் போய்வந்த பெரியவர்கள் வேகமாகக் குறைந்துவருகிறார்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது. இடையில் நின்று மறு ஆண்டு மீண்டும் ஓடியது. ராமேஸ்வரம்–தலைமன்னார் பற்றிப் பேச்சு மட்டும் நடக்கிறது. முழுச் சேவைக்கு நாளாகும் என்றால், அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும் ஆண்டுக்குச் சில நாள் இந்த வழியைத் திறக்க இரண்டு அரசுகளும் முன்வர வேண்டும். முன்மாதிரி இல்லாத காரியம் அல்ல இது. யாத்திரிகருக்கு விசா வேண்டாம் என்று இதே இரண்டு நாடுகளும் 1974இல் எழுதிக் கையெழுத்திட்டிருக்கின்றன. ஒன்றையொன்று நம்பாத இந்தியாவும் பாகிஸ்தானுமே 65 வயது தாண்டியவர்களுக்கு எல்லையிலேயே விசா தருவதாக 2012இல் ஒப்புக்கொண்டன, அது நடைமுறைக்கு வருமுன் நின்றுபோனாலும். தலைமன்னார்வரை இலங்கை ரயில் 2015 மார்ச்சில் மறுபடி ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கம் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டு ரயில் ராமேஸ்வரம் வருகிறது. இடையில் ஓட வேண்டிய கப்பல்தான் இன்னும் வரவில்லை.